கம்ப்யூட்டர் அளக்கட்டும், கை செய்யட்டும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் நாலைந்து மாதம் கழிந்ததும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "லெட்டர் டைப் செய்தாயிற்று, படம் பார்த்தாயிற்று, கேம் விளையாடியாயிற்று. இனி இதை வைத்துக் கொண்டு என்ன செய்வது?"

என் பதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். "கம்ப்யூட்டருக்கு வெளியே ஒரு பொழுதுபோக்கை வைத்துக் கொள்ளுங்கள். அந்த வேலைக்குக் கம்ப்யூட்டரை உதவிக்கு வைத்துக் கொள்ளுங்கள்" என்பேன். என் பொழுதுபோக்கு, ராணுவ ஹெலிகாப்டர்களின் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் மாடல்களைச் செய்து வண்ணம் தீட்டுவது. பெட்டியில் வராத நுண்ணிய பாகங்களை நாமே செய்து பொருத்துவதை இதில் ஸ்க்ராட்ச் பில்டிங் என்கிறார்கள். இந்த வேலையில் கம்ப்யூட்டர் எனக்கு எங்கே கை கொடுத்தது, எங்கே காலை வாரியது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன்.

ஏன் 72?

இந்த மாடல்களில் பரவலாக உள்ள அளவு 1/72. அதாவது உண்மையான ஹெலிகாப்டரில் 72 மில்லி மீட்டர் இருப்பது மாடலில் 1 மில்லி மீட்டர். இது என்ன வினோதமான எண் என்று கேட்கலாம். அடி, அங்குலக் கணக்கில் பார்த்தால் புரிந்துவிடும். 6 அடி என்பது 72 அங்குலம். ஆறடி மனிதர் இங்கே ஓர் அங்குலம். 1942-இல் அமெரிக்கக் கடற்படை, விமானங்களைப் பார்த்தவுடன் அடையாளம் காணும் பயிற்சிக்காகப் பள்ளி மாணவர்களிடம் 5 லட்சம் மர மாடல்களைச் செய்து தரும்படி கேட்டது. அவையும் இதே 1/72 அளவுதான்.

நான் எடுத்துக் கொண்டது சேத்தக். பிரான்சில் 1959-இல் முதன்முதலாகப் பறந்த அலுவெட் 3 என்ற ஹெலிகாப்டரை உரிமம் பெற்று பெங்களூருவில் எச்.ஏ.எல். நிறுவனம் தயாரித்தது. ராணா பிரதாப்பின் குதிரையின் பெயரை அதற்கு வைத்தார்கள். இதைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. என் சித்தப்பா கடற்படையில் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்தவர். கொச்சியில் பல வருடம், கடைசியில் கொஞ்ச காலம் அரக்கோணத்தில். வாழ்க்கையில் பாதியை சேத்தக்கோடு கழித்தவரிடம் அந்த ஹெலிகாப்டர் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு போட்டோகூட இல்லை. தளத்துக்குள் கேமராவுக்கு அனுமதி ஏது? அவருடைய 80-வது பிறந்த நாளுக்குக் கையில் கொடுக்க ஒரு சேத்தக் செய்வது என்று முடிவு செய்தேன். அப்போது ஒன்றரை வருடம் அவகாசம் இருந்தது.

1,400 படங்கள், ஒரு பாகம்கூட இல்லை

முதல் ஒரு வருடம் என்ன செய்தேன் தெரியுமா? படம் சேர்த்தேன். இணையத்தில் தேடித் தேடி 1,400 போட்டோக்கள். எஞ்சினுக்கு ஒரு ஃபோல்டர், ரோட்டருக்கு ஒன்று, சக்கரத்துக்கு ஒன்று. ஒவ்வொரு இரவும் பத்துப் படம் இறக்கிவிட்டு, இன்றைக்கு நல்ல வேலை நடந்தது என்ற திருப்தியோடு தூங்கப் போவேன். மேஜை மேல் பெட்டி பிரிக்காமலேயே கிடந்தது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் எல்லோரும் விழும் குழி இதுதான் என்பது என் கருத்து. சமையல் கற்றுக் கொள்ளப் போய் 300 வீடியோவைச் சேமித்து வைப்பதும் இதே கதைதான். தகவல் சேர்ப்பது வேலை செய்வது போலவே இருக்கும். ஆனால் அது வேலை அல்ல. இப்போது நான் எனக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். திரை முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், மேஜை முன் மூன்று மணி நேரம் உட்கார வேண்டும்.

அளப்பதில் கம்ப்யூட்டர் கெட்டிக்காரன்

இனி நல்லதைச் சொல்கிறேன். கணக்குப் போடுவதற்குக் கம்ப்யூட்டர் போல வேறு துணை இல்லை. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கைத் திறந்து, முதல் வரிசையில் உண்மையான அளவை மில்லி மீட்டரில் கொடுங்கள். பக்கத்துக் கட்டத்தில் சமக்குறி போட்டு, முதல் கட்டத்தின் பெயர், வகுத்தல் கோடு, 72 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். மாடல் அளவு வந்துவிடும். சேத்தக்கின் ரோட்டர் விட்டம் 11.02 மீட்டர். மாடலில் 153 மி.மீ. எஞ்சினில் 25 மி.மீ. குழாய் ஒன்று இருந்தால் மாடலில் 0.35 மி.மீ.

இந்தக் கணக்கு ஒரு பெரிய உண்மையையும் சொல்கிறது. பெயின்ட் 0.1 மி.மீ. தடிமனாகப் படிந்தால், உண்மையான ஹெலிகாப்டரில் 7 மி.மீ. தடிமனுக்குச் சுண்ணாம்பு பூசியது போல் ஆகிவிடும். அதனால்தான் பெயின்டைத் தண்ணீராக்கி மெல்லிய பூச்சாகப் பல முறை அடிக்கச் சொல்கிறார்கள்.

இப்போது நான் செய்த முதல் தவறு. பெட்டியில் வந்த ரோட்டர் இறக்கைகள் தடிமனாக இருந்தன. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் நானே வெட்டிக் கொள்ளலாம் என்று இங்க்ஸ்கேப்பில் சரியான அளவில் படம் வரைந்தேன். பிரிண்ட் எடுத்தேன். தாளை ஒட்டி மூன்று இறக்கைகளையும் வெட்டினேன். பொருத்திப் பார்த்தால் விட்டம் 148 மி.மீ. தான் வருகிறது! 5 மி.மீ. தானே என்று நினைக்காதீர்கள். உண்மையில் அது 36 சென்டி மீட்டர், ஓர் அடிக்கு மேல்.

காரணம், பிரிண்ட் கட்டளை கொடுக்கும்போது வரும் பெட்டியில் "ஃபிட் டு பேஜ்" என்பது தேர்வாகி இருந்தது. தாளின் ஓரத்தில் இடம் விடுவதற்காகக் கம்ப்யூட்டர் படத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் சுருக்கிவிட்டது. அளவு முக்கியமான எதைப் பிரிண்ட் செய்தாலும் "ஆக்சுவல் சைஸ்" அல்லது "100%" என்பதைத் தேர்ந்தெடுங்கள். கூடவே படத்தின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து வையுங்கள். பிரிண்ட் வந்ததும் முதல் வேலையாக அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து அளங்கள். 100 இருந்தால்தான் கத்தியை எடுக்க வேண்டும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை உங்கள் வீட்டிலேயே

சேத்தக்கில் ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலான ஹெலிகாப்டர்களில் எஞ்சினை மூடி மறைத்திருப்பார்கள். இதில் ஆர்டூஸ்ட் எஞ்சின் முதுகின் மேல் திறந்த வெளியில் உட்கார்ந்திருக்கும். குழாய்களும் ஒயர்களும் கண்ணுக்குத் தெரியும். சிறிய மாடல்களில் இதை ஓர் உருளையும் நாலு கோடுமாக முடித்துவிடுவது வழக்கம். ஆகவே கைவேலைக்கு நிறைய இடம் இருக்கிறது.

இதற்கான பொருள்கள் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் குப்பையில் இருக்கின்றன. கெட்டுப் போன மவுஸின் ஒயரை உரித்தால் தலைமுடி போன்ற செம்புக் கம்பிகள் கிடைக்கும். அதன் தடிமனை எப்படி அளப்பது? பல் குத்தும் குச்சியில் நெருக்கமாக 20 சுற்றுச் சுற்றுங்கள். சுற்றிய நீளம் 2 மி.மீ. என்றால் ஒரு கம்பி 0.1 மி.மீ. அதாவது உண்மையில் 7 மி.மீ. குழாய். பழைய லேன் கேபிளுக்குள் இருக்கும் கம்பி சுமார் 0.5 மி.மீ. தடித்த குழாய்களுக்கு அது சரி. பழைய சி.டி. பெட்டி பாலிஸ்டைரின் பிளாஸ்டிக். மாடலுக்கான பசையிலேயே ஒட்டும். மாத்திரை அட்டையின் பின்பக்க ஃபாயிலை 0.6 மி.மீ. அகலத்துக்கு நறுக்கினால் சீட் பெல்ட்.

பாகங்களைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் சட்டத்தையும் தூக்கி எறியாதீர்கள். ஒரு துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே, சுடர் படாமல் காட்டி, இளகியதும் விலக்கி இரு பக்கமும் மெல்ல இழுத்தால் நூல் போல நீளும். ஏரியல், கைப்பிடி எல்லாவற்றுக்கும் அதுதான். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். சிறுவர்கள் பெரியவர் துணையில்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

ரோட்டர் நடுவில் இன்னொரு நுணுக்கம் உண்டு. சேத்தக்கின் மூன்று இறக்கைகளையும் ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிகள் ஒரு முக்கோணம் போல இருக்கும். மவுஸ் ஒயர் கம்பியில் அதைச் செய்து முடிக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆயின. நிற்கும் ஹெலிகாப்டரின் இறக்கைகள் தம் எடையிலேயே நுனியில் சற்றுத் தொங்கும். நேராக ஒட்டினால் பொம்மை போல் இருக்கும். விரலால் லேசாக வளைத்துவிட்டால் உயிர் வந்துவிடும்.

கண்ணாடி ஒட்டும்போது ஓர் எச்சரிக்கை. உடனே ஒட்டும் இன்ஸ்டன்ட் பசையின் ஆவி பட்டால் தெளிவான பிளாஸ்டிக் வெள்ளையாகப் பூத்துவிடும். சேத்தக்கின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடிதான். சாதாரண வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் கண்ணாடி போல ஆகிவிடும்.

மானிட்டர் சொல்லும் நிறத்தை நம்பாதீர்கள்

வண்ணம் தீட்டுவதில்தான் கம்ப்யூட்டர் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. போட்டோவைத் திறந்து, ஜிம்ப்பில் கலர் பிக்கர் கருவியால் ஒரு இடத்தைக் கிளிக் செய்தால் நிறத்தின் எண் வந்துவிடும், அதன்படி பெயின்ட் கலந்தால் போயிற்று என்று நானும் நினைத்தேன். ஒரே சாம்பல் நிற ஹெலிகாப்டர் காலை வெயில் போட்டோவில் பழுப்பாக இருந்தது. மேகமூட்டத்தில் எடுத்ததில் நீலமாக இருந்தது. என் மானிட்டரில் ஒரு நிறம், பக்கத்து வீட்டு மானிட்டரில் இன்னொன்று. இதில் எதைக் கலப்பது?

ராணுவங்கள் இந்தச் சிக்கலுக்காகத்தான் உண்மையான பெயின்ட் பூசிய மாதிரித் துண்டுகளை வைத்துக் கொண்டு எண் கொடுத்தன. அமெரிக்காவின் ஃபெடரல் ஸ்டாண்டர்ட் 595 இதில் பிரபலம். வியட்நாம் போர்க்கால ஹெலிகாப்டர்களின் ஆலிவ் பச்சைக்கு 34087 என்று எண். முதல் இலக்கம் 3 என்றால் பளபளப்பு இல்லாதது. இரண்டாவது 4 என்றால் பச்சைக் குடும்பம். மாடல் பெயின்ட் புட்டிகளிலும் இந்த எண்களைப் பார்க்கலாம்.

வீட்டில் இதற்கு எளிய வழி உண்டு. நாலைந்து விதமாகக் கலந்து, வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன்களின் முதுகில் பூசிக் காய விடுங்கள். அக்ரிலிக் பெயின்ட் காய்ந்தால் சற்று அடர்த்தியாகும். பிறகு பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். திரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம். சிறிய மாடலுக்கு நிறம் ஒரு சொட்டு வெளுப்பாக இருந்தால்தான் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். டயருக்கும் இறக்கைக்கும் தனிக் கறுப்பு அடிக்காமல் அடர்ந்த சாம்பல் அடிப்பதும் இதே காரணத்தால்தான்.

எழுத்து, சின்னம் அச்சிட பிரிண்டர் உதவும். டீக்கல் தாள் என்று தனியாக விற்கிறார்கள். ஆனால் வீட்டு பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. நம் மூவண்ண வட்டத்தில் வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை. தெளிவான தாளில் அச்சிட்டால் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் ஹெலிகாப்டரின் நிறம் தெரியும். வெள்ளை டீக்கல் தாளில் அச்சிட வேண்டும், அல்லது முதலில் மாடலில் வெள்ளை வட்டம் பூசிவிட வேண்டும். இங்க்ஜெட் மை தண்ணீரில் கரையும். அச்சிட்டதும் தெளிவான வார்னிஷ் அடிக்காமல் தண்ணீரில் போட்டால் எல்லாம் கலைந்துவிடும்.

டயல்களையும் அச்சிடலாம். ஆனால் எதிர்பார்ப்பை அடக்கி வையுங்கள். 80 மி.மீ. டயல் இங்கே 1.1 மி.மீ. 300 டி.பி.ஐ. பிரிண்டரில் அது 13 புள்ளிகள். அதற்குள் எண்ணையும் முள்ளையும் எழுத முடியாது. கறுப்பு வட்டத்தில் ஒரு வெள்ளைக் கீறல், மேலே ஒரு சொட்டு வார்னிஷ். கண் மீதியை நிரப்பிக் கொள்ளும்.

விரல் கண்டுபிடித்த தவறு

பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாடல் முடிந்தது. பொறுக்க முடியாமல் சித்தப்பாவிடம் கொண்டு போய்க் காட்டினேன். அவருக்கு இப்போது பார்வை மங்கல். கையில் வாங்கி, விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். எஞ்சின் குழாய்களைத் தொட்டதும் சிரித்தார். ரோட்டருக்கு வந்ததும் விரல் நின்றது.

"டேய், இது எந்தப் பக்கம் சுத்தும்?"

"சுத்தாது சித்தப்பா, ஒட்டிட்டேன்."

"அதைக் கேக்கலைடா. இறக்கையோட தடிச்ச விளிம்புதான் காத்தைக் கிழிச்சுக்கிட்டு முன்னால போகும். மேலேர்ந்து பார்த்தா சேத்தக் கடிகார முள் போற பக்கம் சுத்தும். நீ எதிர்ப்பக்கமா வச்சிருக்கே."

நான் ஆடிப்போய்விட்டேன். இறக்கையை எப்படித் தேய்ப்பது என்று நான் பார்த்துக் கற்றுக் கொண்ட வீடியோவில் இருந்தது அமெரிக்க ஹியூயி ஹெலிகாப்டர். அது கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றுவது. அதைப் பார்த்தே என் இறக்கைகளின் விளிம்பைத் தேய்த்திருந்தேன். 1,400 படங்கள் என் கம்ப்யூட்டரில் இருந்தன. எல்லாவற்றிலும் சரியான விளிம்பு தெரிகிறது. நான் பார்க்கவில்லை. என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

முக்கோணக் கம்பிகளை வெட்டி, மூன்று இறக்கைகளையும் புதிதாகச் செய்தேன். இந்த முறை சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து கொண்டார். எந்தக் குழாயில் எண்ணெய் கசியும், எங்கே கை சுடும், எந்த போல்ட்டை இரவில் டார்ச் அடித்துத் தேடினார்கள் என்று சொல்லிக் கொண்டே இருந்தார். இத்தனை வருடத்தில் அவர் தன் வேலையைப் பற்றி அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவர் சொன்னதை எல்லாம் கம்ப்யூட்டரில் டைப் செய்து வைத்திருக்கிறேன். அந்த ஃபோல்டரில் படமே இல்லை. ஆனால் என்னிடம் இருப்பதிலேயே மதிப்புள்ள ஃபோல்டர் அதுதான்.

புதியவர்களுக்கு என் ஆலோசனை

"இப்போதுதான் 3டி பிரிண்டர் வந்துவிட்டதே, கையால் ஏன் மெனக்கெட வேண்டும்?" என்று கேட்பீர்கள். நான் அதற்கு எதிரி அல்ல. ரெசின் பிரிண்டர்கள் இந்த அளவில் அருமையான பாகங்களைத் தருகின்றன. ஆனால் அந்த ஃபைலை வரைந்தவர் விளிம்பைத் தவறாக வரைந்திருந்தால் இயந்திரம் அதே தவறைத்தான் அழகாக அச்சிட்டுத் தரும். படத் தேடலிலும் இப்போது ஏ.ஐ. வரைந்த படங்கள் கலந்து வருகின்றன. முதலில் இறக்கைகளை எண்ணிப் பாருங்கள். படம் இடம் வலமாகத் திரும்பியிருக்கிறதா என்பதை அதிலுள்ள எழுத்துகளைப் படித்துக் கண்டுபிடியுங்கள். முடிந்தால் பெங்களூருவில் உள்ள எச்.ஏ.எல். அருங்காட்சியகம், கோவாவில் உள்ள கடற்படை விமான அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குப் போய் உண்மையான இயந்திரங்களின் பக்கத்தில் நின்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் வேலை பார்த்தவர் உங்கள் தெருவில் இருந்தால் அவரிடம் கேளுங்கள்.

ஹெலிகாப்டர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. தையல், தோட்டம், மரவேலை எதுவானாலும் சரி. கம்ப்யூட்டரை அளக்கவும், கணக்குப் போடவும், அச்சிடவும், குறித்து வைக்கவும் பயன்படுத்துங்கள். பார்ப்பதையும் செய்வதையும் நீங்கள் வைத்துக் கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கெட்டுப் போன மவுஸின் ஒயரை உரித்து, குச்சியில் 20 சுற்றுச் சுற்றி அளந்து பாருங்கள். அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.